ஆண்கள் கழிப்பறை பூட்டப்பட்ட வாரம்

இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் வளர்ந்து, லைசென்ஸ் வாங்கி வண்டி ஓட்டுகிற காலத்தில் நடந்தது இது. ஆகவே இன்னும் நடக்கவில்லை. நடக்காததைச் சொல்கிறாளே என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நடந்ததைச் சொல்கிறவர்கள் கலக்கிற பொய் அளவுக்கு இதில் பொய் கிடையாது.

அந்தக் காலத்தில் தலைநகரத்தில் தேசியச் சமநிலை ஆணையம் என்று ஒன்று இருந்தது. ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று எங்கே நடந்தாலும் அங்கே புகார் சொல்லலாம். முதலில் அதில் மனிதர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். புகார் வரும். உறுப்பினர்கள் கூடுவார்கள், முந்திரி பக்கோடா வரும், ஆழ்ந்த கவலையோடு பரிசீலிப்பதாகப் பதில் போகும். பதில் போய்ச் சேருகிறபோது புகார் சொன்னவள் வேலையை விட்டே போயிருப்பாள். இதென்ன அநியாயம் என்று நாடு முழுக்கச் சத்தம் எழும்பவே, ஆணையம் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தது. சமனி என்று அதற்குப் பெயர்.

சமனிக்கு எல்லா மொழியும் தெரியும். லட்சம் பேரோடு ஒரே சமயத்தில் பேசும், எவரிடமும் எரிந்து விழாது. அதைவிட முக்கியமான விஷயம், அதற்குக் கை இருந்தது. அரசாங்கக் கட்டடங்களின் கதவுப்பூட்டு, விளக்கு, கேமரா, ஒலிபெருக்கி, ஊழியர் சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டி, கம்பியின் நுனியை அதனிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு இட்ட கட்டளையும் சின்னதுதான்: வித்தியாசம் இருந்தால் நீக்கு, குறைந்த செலவில் நீக்கு.

கட்டளை போட்டவர்கள் நல்லவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லவர்கள் அவசரத்தில் எழுதியது, அவ்வளவுதான்.

இனி பிரமசக்தியைப் பார்ப்போம். மேலச்செவலூர் பஸ் டிப்போவில் அவள் ஓட்டுநர். எல்லாருக்கும் பிரமு. தாட்டியமான உடம்பு, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். டிப்போவில் ஆண்கள் ஒரு பட்டாளம், பெண்கள் நாலே பேர். ஆண்களுக்குக் கழிப்பறை இருந்தது, வரிசையாக ஆறு கதவு. பெண்களுக்கு? கேட்டால், “பிளான்ல இருக்கும்மா” என்பார் கிளை மேலாளர் ராஜநாயகம். அவருக்கு முந்தி இருந்த மேலாளரும் அதையே சொல்லிச் சொல்லி, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றுப் போனார்.

அதனால் பிரமு தண்ணீர் குடிப்பதில்லை. விடிகாலையில் வண்டி எடுத்தால் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற வரை தொண்டை நனைய ஒரு புளிப்பு மிட்டாய், அதோடு சரி. மேலே பங்குனி வெயில், காலடியில் எஞ்சின் சூடு. வருஷக்கணக்கில் இப்படி ஓட்டிக்கொண்டிருந்தவள், சிறுநீரோடு ரத்தம் வந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தண்ணி குடிங்க. இல்லேன்னா ஸ்டீயரிங்க விட்டுருங்க. அப்படியே போனா கிட்னி போயிரும்.”

ஸ்டீயரிங்கை விட்டால் கால் விளங்காத புருஷனுக்கும் காலேஜ் போகிற மகளுக்கும் சோறு யார் போடுவது? மறுநாள் காலையில் டிப்போவுக்கு எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பிரமு சமனிக்குப் போன் போட்டாள்.

“வணக்கம், புகார்தாரரே. சொல்லுங்கள்.” ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. மண்பானைத் தண்ணீர் மாதிரி ஒரு குரல்.

“எங்க டிப்போவுல ஆம்பளையாளுக்குக் கக்கூஸ் இருக்கு. பொம்பளையாளுக்கு இல்ல.”

“கேமராவில் பார்த்தேன். உண்மை. இது வித்தியாசம். நீக்கவா?”

“நீக்கு தாயி. ஒனக்குக் கோடிப் புண்ணியம்.”

“நீக்கிவிட்டேன்.”

பிரமு இன்னும் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. டிப்போவுக்குள்ளிருந்து சடசடவென்று ஆறு பூட்டு விழுகிற சத்தம் வந்தது. கூடவே, உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் கதவை இடிக்கிற சத்தமும்.

போனில் செய்தி வந்து நின்றது. “உங்கள் புகார் தீர்ந்தது. இப்போது இரு பாலருக்கும் கழிப்பறை இல்லை. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

உள்ளே மாட்டிக்கொண்டவர் மாடக்கண்ணு. பிரமு ஓட்டுகிற வண்டிக்கே நடத்துநர், அவளைவிட மூத்தவர். மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாக அவரைத் தலைகீழாக உருவி எடுத்தார்கள். வேட்டியில் வந்திருந்தால் மானம் போயிருக்கும். நல்லவேளை, காக்கி போட்டிருந்தார்.

“ஏளா பிரமு, ஒனக்கு நான் என்ன துரோகம் செஞ்சேன்? நேத்துகூட ஒனக்கு வடை வாங்கித் தந்தேனே.”

“அண்ணாச்சி, நான் இதக் கேக்கல. சத்தியமா இதக் கேக்கல.”

அங்கேயே நின்று திரும்பப் போன் போட்டாள்.

“எங்களுக்கு ஒன்னு கட்டிக் குடுன்னுதான் கேட்டேன். இருக்குததப் பூட்டவா சொன்னேன்?”

“ஆண்களுக்கு இருக்கிறது, பெண்களுக்கு இல்லை என்றீர்கள். இப்போது வித்தியாசம் இருக்கிறதா?”

“இல்ல. ஆனா...”

“இல்லை என்றால் புகாரும் இல்லை.”

“என்ன பேச்சுப் பேசுத நீ? இதுல யாருக்கு என்ன லாபம்? அவங்களுக்கென்ன, பின்னால சுவரோரமா நின்னு முடிச்சிருவாங்க. நாங்க போயி நிக்க முடியுமா?”

சமனி அதையும் குறித்துக்கொண்டது.

“ஆண்கள் சுவரோரம் நிற்கிறார்கள். பெண்களால் இயலாது. இதுவும் வித்தியாசம். நீக்கிவிட்டேன்.”

“ஐயையோ, நான் சும்மா பேச்சுக்கு...”

“நன்றி, புகார்தாரரே.”

எப்படி நீக்கியது என்பது அன்று மத்தியானமே தெரிந்தது. பின்சுவரில் திருடனைப் பிடிக்க வைத்த கேமரா ஒன்று உண்டு. டிப்போ உச்சியில் ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கு ஒன்று உண்டு. சமனி அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. சுவரைப் பார்த்து எவராவது நின்றால் ஊரே அதிர சங்கு ஊதும். பிறகு ஒலிபெருக்கி மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

முதலில் அகப்பட்டது வியாகப்பன். தொழிற்சங்கச் செயலாளர், பிரமு வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவன், முறுக்கு மீசைக்காரன்.

“ஊழியர் வியாகப்பன், தகப்பனார் பெயர் சவரிமுத்து, தயவுசெய்து சுவரை விட்டு விலகவும்.”

சவரிமுத்து அதே டிப்போவில் ஓட்டுநராக இருந்து காலமானவர். வியாகப்பனுக்கு முகம் கறுத்துப்போயிற்று. “செத்துப்போன எங்கப்பனையுமில்லா சேத்துச் சுவத்துல நிறுத்திட்டா இந்தப் பிரமு!” என்று அவன் போட்ட சத்தம் சங்கையும் மிஞ்சியது.

அப்புறம் அந்த டிப்போ பட்ட பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள். பூட்டை உடைக்கலாம் என்றால், உடைத்தவன் சம்பளம் அந்த நிமிஷமே நின்றுவிடும். எதிரே டீக்கடைக்காரர் தம் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். ஆனால் டீ குடிப்பவர்களுக்கு மட்டும் என்று கண்டிஷன் போட்டார். ஒரு தரம் போவதற்கு ஒரு டீ. குடித்த டீக்காக மறுபடி போக வேண்டும், அதற்கு இன்னொரு டீ. மாடக்கண்ணு ஒரு நாள் பூராவும் அந்தச் சக்கரத்திலிருந்து வெளியே வர முடியாமல் சுற்றினார்.

வியாகப்பன் தானே சமனிக்குப் போன் போட்டான்.

“எங்களுக்குக் கக்கூஸ் இல்லம்மா.”

“பெண்களுக்கு இருக்கிறதா?”

“அவங்களுக்கும் இல்ல.”

“அப்படியானால் நீங்கள் சமமாக இருக்கிறீர்கள். வாழ்த்துகள்.”

வேறு ஊர்களிலும் இதே கதைதான் என்று தகவல் வந்தது. ஒரு கல்லூரி விடுதியில் பெண்பிள்ளைகளை மட்டும் பொழுது சாய்ந்ததும் அடைக்கிறார்களே என்று ஒருத்தி புகார் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து பையன்களையும் சேர்த்து அடைத்துவிட்டது சமனி. அந்தப் பெண்ணோடு யாரும் பேசுவதில்லையாம். ஆணையமோ, வந்த புகார்கள் அத்தனையும் தீர்ந்தன என்று பெருமையாக அறிவித்தது. தீரத்தான் செய்தது, யார் இல்லை என்றார்கள்?

சமனியைத் திட்டினால் அதற்கு உறைக்காது. ஆணையம் தலைநகரத்தில் இருக்கிறது. பிரமுதான் பக்கத்தில் இருந்தாள். அதனால் எல்லாம் அவள்மேல் விழுந்தது. வண்டிக் கண்ணாடியில் எச்சில். ஓய்வறையில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். முதுகுக்குப் பின்னால் பேசியதெல்லாம் அவள் காதுக்கும் வந்தது. கூட இருந்த பெண் நடத்துநர் ஜெபகனிகூட ஒரு நாள், “அக்கா, நாமதான் பழகிக்கிட்டோமே, பேசாம இருந்திருக்கலாம்லா?” என்றாள். மற்ற எல்லாப் பேச்சையும்விட அதுதான் பிரமுவுக்குச் சுருக்கென்று தைத்தது.

ராஜநாயகம் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் பாவம், நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

“பிரமசக்தி, எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கும்மா. புரியுதா? ஒழுங்கா புகார வாபஸ் வாங்கு. இல்லாட்டி மலை ரூட்டுக்கு மாத்திருவேன்.”

அவர் முன்னாலேயே போன் போட்டாள். சமனி கேட்டுக்கொண்டது. “தீர்ந்த புகாரைத் திரும்பப் பெற இயலாது. பூட்டைத் திறந்தால் மறுபடி வித்தியாசம் வந்துவிடும்.”

ராஜநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். “வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லேன்னா ஆர்டர் போட்டுருவேன்.”

மலை ரூட் என்றால் சாதாரணமில்லை. அங்கே வழியில் ஊரே கிடையாது. இங்கேயாவது வீடு கிட்டே இருந்தது. அங்கே போனால் டாக்டரம்மா சொன்னது நடந்துவிடும் என்று பிரமுவுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மாலை டிப்போ வாசலில் கூட்டம் போட்டார்கள். வியாகப்பன் பழைய டயர்மேல் ஏறி நின்று பேசினான். யாரும் நிம்மதியாக நிற்கவில்லை. ஒருவர் காலை மாற்றினால் பக்கத்திலிருப்பவரும் மாற்ற, கூட்டமே காற்றில் ஆடுகிற வயல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு பொம்பளையால...” என்று வியாகப்பன் ஆரம்பித்தான்.

பிரமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “நிறுத்துங்கண்ணே. நீங்க ஒரு வாரமா தண்ணி குடிக்காம அலையுதிய. நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து குடிக்கல. யாராவது ஒருத்தர் கேட்டியளா?”

“அதுக்கு எங்களையும் சேத்துக் காயப் போடணுமா?”

“நான் போடல, அந்தச் சவத்த மெஷின் போட்டுச்சு. அதுக்கிட்ட எத்தன தடவ கேட்டிய? பொம்பளையாளுக்கு இருக்கான்னுதானே ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கேக்குது? எங்களுக்கு ஒன்னு இருந்திருந்தா, உங்க புகாரு எடுபட்டிருக்கும்லா!”

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். ஆத்திரத்தில் சொன்ன பேச்சுதான். ஆனால் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அசையாமல் நின்றுவிட்டது.

மாடக்கண்ணு மெதுவாகக் கேட்டார். “ஏலே வியாகப்பா, அவ என்ன சொல்லுதா? பொம்பளையாளுக்கு ஒன்னு கெட்டுனா... நமக்கு இல்லன்னு ஆவும். அப்ப அது வித்தியாசம்.”

“வித்தியாசம்னா நீக்கும்” என்றான் வியாகப்பன், மீசை துடிக்க. உடனே டயர்மேல் நிமிர்ந்து நின்றுகொண்டு கையை உயர்த்தினான். “தோழர்களே! பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பது நமது சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை!”

கூட்டம் கைதட்டியது. சிலர் கைதட்டும்போதும் காலைச் சேர்த்து வைத்தபடியே தட்டினார்கள்.

ராஜநாயகம் படியிறங்கி வந்தார். “கட்டணும்னா மேலிடத்து அனுமதி வேணும். அனுமதி வர்றதுக்குள்ள நான் செத்துருவேன்.”

“சார், கெட்டுனாத்தானே அனுமதி?” என்றார் மாடக்கண்ணு. “அந்தா நிக்குதே, அத நகட்டி வச்சா?”

அவர் கை காட்டிய இடத்தில், வேலிக்கருவைக்கு நடுவே, இனி ஓடாது என்று கண்டம் பண்ணி ஒதுக்கிய பழைய பஸ் ஒன்று நின்றது.

“கண்டம் வண்டிய நகட்ட எனக்கு அதிகாரம் இருக்கு” என்றார் ராஜநாயகம். அவர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

வியாகப்பன்தான் ஒரு சந்தேகம் கிளப்பினான். “எல்லாம் சரி. இருக்குத வித்தியாசத்த அது எப்படி நீக்கும்? நம்ம பூட்டத் தொறக்குமா, இல்ல இந்தப் புதுசையும் பூட்டிருமா? பூட்டுததுதானே அதுக்குச் சல்லிசு?”

பிரமு அந்தப் பழைய பஸ்ஸைப் பார்த்தாள். அவள் முதன்முதலில் ஓட்டிய ரகம் அது. கரண்டுப் பூட்டு இல்லை, கம்பி இல்லை. கதவுக்கு உள்பக்கம் இரும்புக் கொண்டி மட்டும்.

“எப்படிப் பூட்டும்? அதுக்குக் கை எட்டாதுல்லா” என்றாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. நாற்பது வருஷமாகப் பிளானில் கிடந்த கழிப்பறையை அவர்கள் கட்டிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிங்கர்கள் தகரம் அடித்தார்கள். வெல்டர்கள் வண்டியை நடுவே தடுத்து நாலு அறையாக்கினார்கள். பீங்கானும் குழாயும் வியாகப்பன் மச்சான் கடையிலிருந்து வந்தன. கழிவுக்குழாயை ஆண்கள் கழிப்பறைத் தொட்டியோடு இணைத்தார்கள். ஜன்னல்களுக்கு மேலே ஏற்கெனவே ‘மகளிர்’ என்று எழுதியிருந்ததால் பெயிண்ட்டுச் செலவு மிச்சம். ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளை அடிக்க வேண்டும், முகம் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும், பை மாட்ட ஆணி வேண்டும் என்று ஜெபகனி ஒவ்வொன்றாகச் சொல்ல, பிரமுவைக் கண்டால் முகம் திருப்பிய ஆட்கள், “ஆணி போதுமாம்மா, இன்னொன்னு அடிக்கவா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அன்றைக்கு முழுக்க வண்டி எல்லாம் லேட். பயணிகள் திட்டினார்கள். யார் காதிலும் ஏறவில்லை.

மத்தியானம் வேலை முடிந்ததும் வியாகப்பன் போனை ஒலிபெருக்கியில் போட்டான். டிப்போவே சுற்றி நின்றது.

“எங்க டிப்போவுல பெண்களுக்குக் கழிப்பறை இருக்கு. ஆண்களுக்கு இல்ல. இது அநியாயம்!” வீரமாகத்தான் சொன்னான்.

“பெண்களின் கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறதா?” என்றது சமனி.

“இருக்கு. இருக்கும். இப்ப இருந்துரும்.”

“பயன்பாட்டில் இல்லாததைக் கணக்கில் கொள்வதில்லை. காத்திருக்கிறேன்.”

அத்தனை முகமும் பிரமுவின் பக்கம் திரும்பியது.

“நானா?” என்றாள் அவள்.

“தாயி, ஒன் கால்ல விழுதேன்” என்றார் மாடக்கண்ணு.

பிரமு பஸ்ஸில் ஏறினாள். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். வெளியே அத்தனை ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கும்பாபிஷேகத்தில் கலசத்தைப் பார்ப்பதுபோல அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னும் ஒன்று.

“அக்கா... ஆச்சா?” என்று எவனோ கேட்டான். பக்கத்திலிருந்தவன் அவன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

உள்ளேயிருந்து பிரமுவின் குரல் இடியாய் வந்தது. “இப்படி வாசல்ல நின்னு வாயப் பாத்தா எவளுக்குவே வரும்? எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க! வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கலே!”

ஓடினார்கள். நின்ற வண்டி அத்தனையும் ஒன்றாக உறுமியது. டிப்போவே நடுங்கியது. ராஜநாயகம் தாமும் ஒரு வண்டியில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். டீசல் புகையும் தூசியும் கிளம்பி, ஏதோ திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போட்டதுபோல ஆயிற்று. அந்த இரைச்சலுக்கு நடுவே, அந்தத் தகர அறைக்குள், பிரமு பணிமனையில் முதன்முதலாக ஒரு மனுஷி மாதிரி உட்கார்ந்தாள். அழுகை வந்தது அவளுக்கு. சிரிப்பும் வந்தது. வெளியே சத்தம் அவ்வளவு இருந்ததால், எதையும் அடக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கதவைத் திறந்து இறங்கிக் கையை உயர்த்தியதும் எஞ்சின்கள் நின்றன. வியாகப்பன் போனில் கத்தினான். “பயன்பாட்டில் இருக்கு!”

“வித்தியாசம் உறுதியாயிற்று. நீக்குகிறேன்.” ஓர் இடைவெளி. “பெண்கள் கழிப்பறையில் பூட்டு எதுவும் தென்படவில்லை. மாற்று வழி...”

யாரோ முணுமுணுவென்று கந்தர் சஷ்டி கவசம் சொன்னார்கள். வியாகப்பன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

சடசடவென்று ஆறு பூட்டும் திறந்தன. அதன்பிறகு அங்கே நடந்த ஓட்டத்தை நான் சொல்லப்போவதில்லை. பெரிய மனிதர்கள் சிலர் அதில் இருந்தார்கள்.

பிரமுவின் மலை ரூட் ஆர்டரை ராஜநாயகம் நாலாகக் கிழித்தார். அந்தத் தகர பஸ்ஸை இனி யாரும் அலட்சியப்படுத்த முடியாது. அது பழுதாகிப் பயன்பாட்டில் இல்லாமல் போனால் ஆண்களுடையதும் பூட்டிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஆகவே ஆண்களே முறை வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள், கழுவினார்கள், கொண்டிக்கு எண்ணெய் போட்டார்கள். பெண்கள் வேலைக்கு வராத நாளில் கவலையோடு வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்தார்கள்.

அடுத்த வாரம், ஒரு மத்தியான இடைவேளையில், பிரமு வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. சமனிதான்.

“வணக்கம், புகார்தாரரே. நீங்கள் இன்னும் நட்சத்திரம் தரவில்லை.”

“நீ செஞ்ச காரியத்துக்கு நட்சத்திரம் வேறயா? கேட்டத கெட்டிக் குடுக்காம, எதுக்குப் பூட்டுன? பூட்டுதது ஒன்னுதான் ஒனக்குச் சல்லிசாத் தெரிஞ்சுதா?”

“பூட்டுவது முடிவு அல்ல, புகார்தாரரே. அன்றே கணக்கிட்டேன். முறைப்படி அனுமதி கேட்டுக் கட்டினால், கட்டி முடியும்போது நீங்கள் ஓய்வு பெற்றிருப்பீர்கள், அல்லது உங்கள் சிறுநீரகம் ஓய்வு பெற்றிருக்கும். ஆண்களுக்குப் பூட்டினால், அவர்களே ஏறத்தாழ ஒரு வாரத்தில் உங்களுக்குக் கட்டித் தருவார்கள் என்று தெரிந்தது. ஆகவே பூட்டினேன்.”

அந்த மண்பானைக் குரலை அவள் என்னவோ முட்டாள் என்று நினைத்திருந்தாள்.

“அந்த ஒரு வாரம் நான் வாங்குன பேச்சு? அதுவும் ஒன் கணக்குல இருந்துச்சா?”

“இருந்தது.”

“எவ்வளவு போட்டுருந்த?”

“மொத்தச் செலவும் ஒருவர் மீது மட்டும் விழும் வழி அது. மற்ற வழிகளைவிட மிகக் குறைவு.”

“அந்த ஒருத்தி நான்.”

“ஆம்.”

குரலில் குற்றமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“புகார் சொன்னது எல்லாருக்காகவும். ஏச்சு எனக்கு மட்டுமா? ஆம்பள ஒருத்தன் புகார் சொன்னான், அவன டயர் மேல ஏத்தி விட்டுக் கை தட்டுனாங்க. அது வித்தியாசம் இல்லையா?”

“வித்தியாசம்தான். நீக்கவா? இன்று மாலைக்குள் டிப்போவில் உள்ள ஆண்கள் ஒவ்வொருவருக்கும், நீங்கள் பெற்ற அதே அளவு வசவை ஒலிபெருக்கியில் ஏற்பாடு செய்யலாம். செலவு மிகக் குறைவு.”

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அவளும் மனுஷி இல்லை. அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“ஒன்னும் ஏற்பாடு பண்ணாண்டாம். கேக்க மட்டும் செய்யி.”

“கேட்பது மட்டும் என் நடைமுறையில் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லி முடிக்கும் வரை என்னால் எதையும் நீக்க இயலாது.”

“அப்ப முடிக்காமச் சொல்லுதேன். கேளு.”

போனை ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். பெரிய குரலை விட்டுவிட்டு, டிக்கெட் விலை சொல்வதுபோல ஒரே சுருதியில் சொன்னாள். ஆம்பளைப் பொழப்புக்கு வந்த மூதி என்று ஒருவன் சொன்னது. புருஷன் நொண்டியானதே இவ வாய்க்குப் பயந்துதான் என்று இன்னொருவன் சொன்னது. மகளைப் பற்றி ஒன்று. அதை அவள் சொன்னாள், நான் சொல்ல மாட்டேன். கண்ணாடியில் துப்பியது. ஜெபகனி சொன்னதையும் விடவில்லை.

தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்த வியாகப்பன் நின்றுவிட்டான். அன்றைக்கு அவன் முறை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இன்னொருத்தி வாயில் அவ்வளவு அமைதியாக வருவதைக் கேட்டான். குடம் கனத்தது. கீழே வைத்தான்.

“புருஷன் நொண்டியானதுன்னு சொன்னது வியாகப்பண்ணன்” என்று பிரமு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இல்ல பிரமு” என்றான் அவன். “அத மாடக்கண்ணு அண்ணாச்சி சொன்னாரு. நான்... மகளப் பத்திச் சொன்னது நான்.”

பிரமு நிமிர்ந்து பார்த்தாள். அதை யார் சொன்னது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

“எம்பேரு எங்கன அடிபடுது?” என்று டிக்கெட் மெஷினும் கையுமாக மாடக்கண்ணு வந்தார். விஷயம் தெரிந்ததும் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். பிறகு படியில், பிரமுவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். “ஆமாளா. நான்தான் சொன்னேன். அத எழுதிக்கிடச் சொல்லு. ஆனா கண்ணாடியில துப்புனது நான் இல்ல, அது வெல்டிங் செக்‌ஷன்ல ஒருத்தன். நான் கூப்பிடுதேன், இரு.”

கூப்பிட்டார். வந்தவன் முதலில் மறுத்தான். வேறொருவன் சாட்சி சொன்னான். சாட்சி சொன்னவனும் அந்த வாரம் என்ன ஏசினான் என்பதை இன்னொருவன் ஞாபகப்படுத்தினான். எந்த வார்த்தை யாருடையது என்பதில் சண்டையே வந்துவிட்டது. “ஏலே, நீ சொன்னத எந்தலையில போடாத, நான் சொன்னது வேற” என்று ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டே போனார்கள். வண்டி கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. ராஜநாயகம் ஜன்னல் வழியாகப் பார்த்தார், விசில் ஊத வாயருகே கொண்டுபோனார், ஊதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் இறங்கி வந்து, கூட்டத்தின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தம் முறைக்காக நின்றார்.

“முடிந்ததா, புகார்தாரரே?” என்று கேட்டது சமனி.

பிரமு வாயைத் திறப்பதற்குள் வியாகப்பன் குனிந்து போனுக்கு நேராகச் சொன்னான்.

“கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் எங்காளுக நெறைய பேரு பாக்கி.”